கையொப்பமிட்ட பாகங்கள்

என் மேசைமேற் கிடக்கும் மலிவுப் பதிப்பொன்றிற் சாம்பல் நிறப் பக்கம் ஒன்று உண்டு. அதன் வரலாறு லோறன்ஸ் ஸ்ரேண் என்பாரின் வரலாறேயாம்.

1713இல் அயர்லாந்திற் பிறந்த அவர், கேம்பிறிட்ஜிற் கற்று, யோர்க்சயர் நாட்டுப்புறத்திற் குருவாயிருந்தார். இளமையிற் பற்றிய காசநோய் இறுதிவரை அகலவில்லை.

1759 இறுதியில், நாற்பத்தாறாம் வயதில், ‘திறிஸ்திரம் ஷாண்டி’ என்னும் நகைச்சுவை நாவலின் முதலிரு பாகங்களை யோர்க்கில் அச்சிடுவித்தார். 1760இல் இலண்டன் பதிப்பு வந்ததும் தலைநகரமே அவரைக் கொண்டாடிற்று. போலிப் பாகமும் உடனே முளைத்தது. அதனால் ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் பாகங்களின் முதற்பதிப்புப் பிரதிகளில் அவர் தம் கையாலேயே ஒப்பமிட்டார்; ஆயிரக்கணக்கான ஒப்பங்கள்!

1761இல் வந்த மூன்றாம் பாகத்தின் ஓர் ஏடு கையால் வண்ணந் தோய்க்கப்பட்டது. ஆதலின் ஒரு பிரதியைப் பிறிதொன்று ஒவ்வாது. அவ்வண்ண ஏடே என் பதிப்பிற் சாம்பலாயிற்று. பாடபேதம் ஆராய்ந்தே நரைத்த எனக்கும் அச்செழுத்து மாறாமலே நூல் மாறக்கூடுமென்பது அன்றுதான் விளங்கிற்று.

ஒன்பதாம் பாகம் 1767இல் வெளிவந்தது. மறுவருடம் மார்ச் 18இல் அவர் இலண்டனில் மறைந்தார்.

மாணாக்கருக்கு இந்நூலை எடுத்துரைக்கும்போது கதையைப் பின்னர்ச் சொல்வேன். நோயுற்றிருந்தும் ஓயாது ஒப்பமிட்ட அக்கையையே முதலிற் சொல்வேன்.