தொரப்பள்ளி தந்த முதல்வர்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் எல்லைப்புறச் சிற்றூர். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த அவ்வூரின் முன்சீப் சக்கரவர்த்தி ஐயங்காரின் மகனாக, 1878 டிசம்பர் 10 அன்று இராஜாஜி பிறந்தார். ஓசூரிலும் பெங்களூரிலும் கல்வி கற்றுச் சென்னையில் சட்டம் பயின்றபின், 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார். 1917இல் சேலம் நகராட்சித் தலைவர் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

1922இல் காங்கிரஸ் இரு கூறாக நின்றது. சட்டமன்றத்திற்குள் புகுந்து ஆங்கில அரசைக் கேள்விகளால் திணறடிக்க வேண்டும் என்றார் சித்தரஞ்சன் தாசர். கருவூலத்தின் திறவுகோல் அந்நியர் கையிலிருக்க, அவையில் வினவிப் பயனில்லை என்று எதிர்த்து நின்றார் இராஜாஜி. காலத்தின் விந்தை, 1937இல் அவரே சென்னை மாகாண முதல்வராகி, நிதித்துறையையும் ஏற்று, உறுப்பினர்களின் வினாக்களுக்கு விடையளிக்கும் இருக்கையில் அமர்ந்தார்.

அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடங்கின. கள், சாராயத்தால் வந்த வருவாய் நின்றது, செலவுகள் நிற்கவில்லை. அரசு ஒரு ரூபாய் செலவிடவும் அவையின் இசைவு தேவை. துறைதோறும் மானியக் கோரிக்கை வைக்கப்படும். குறை காணும் உறுப்பினர் அத்தொகையைக் குறைக்குமாறு வெட்டுத் தீர்மானம் கொணர்வார். வினா நேரத்தில் அமைச்சர் எழுதி வந்த விடை போதாதெனில் துணைவினாக்கள் தொடரும். இத்தகைய அவைக்கு முன்னேதான் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் வழியை அவர் காட்ட வேண்டியிருந்தது. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது.

1952இல் அவர் மீண்டும் முதல்வரானார். 375 இடங்களில் காங்கிரஸ் வென்றவை 152 மட்டுமே. அவரோ தேர்தலில் நிற்காமல், ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்தவர். மக்களிடம் வாக்குக் கேளாதவர் மக்களவைக்கு எவ்வாறு பொறுப்பாவார் என எதிர்க்கட்சியினர் வினவியதில் நியாயம் இருந்தது. ஆயினும் உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை நீக்கிய துணிவு அவருக்குப் புகழ் தந்தது.

மறு ஆண்டு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டமோ அவரை வீழ்த்தியது. நிதி போதாமையால் ஊர்ப்புறப் பள்ளிகளின் நேரத்தைப் பாதியாக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகுமாறு அது வகுத்தது. செலவைச் சுருக்கும் கணக்கு அவருக்குச் சரியாகத் தோன்றியது. குலத்தொழிலில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் கணக்காக மக்கள் அதைக் கண்டனர். அவையை முன்னரே கலந்து கொள்ளாதது பெரும்பிழை. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தின்மீது 1953 சூலையில் வாக்குகள் இருபுறமும் சமமாயின. அதை நிறுத்திவைத்து வல்லுநர் குழு ஆராயட்டும் என்னும் தீர்மானமோ நிறைவேறியது. அவர் தம் கட்சியிலேயே ஆதரவிழந்து, 1954இல் பதவி விலகினார். காமராசர் முதல்வராகி அத்திட்டத்தைக் கைவிட்டார்.

1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, உரிமமும் அனுமதியும் கோலோச்சிய பொருளாதார முறையை இறுதிவரை வினவினார். 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அதன் முதல் ஆலைகளும் உரிமம் பெற்றே புகைபோக்கி நாட்டின.