உறுதிமொழி தர மறுத்த கணித மேதை

பாரம் ஏறிய பாலம் வளையும்போது அதன் உள்ளே நடப்பது என்ன? பாரிசில் 1789இல் பிறந்த அகஸ்டின் லூயி கோஷி இதற்குக் கணிதம் தந்தார். பொருளுக்குள் ஒரு புள்ளியில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களில் செயல்படும் விசைகளை அறிந்தால், வேறெந்தத் தளத்தின் விசையையும் கணக்கிடலாம் என்று 1822இல் கண்டார். விரிசலைக் கணிக்கும் பொறியாளர்களுக்கு இன்றும் இதுவே அடிப்படை.

1830இல் புரட்சி வந்தது. பழைய அரசருக்குக் கொடுத்த வாக்கை மீற மனமில்லாத இக்கத்தோலிக்கர், புதிய அரசருக்கு உறுதிமொழி தர மறுத்தார். பதவிகள் போயின. குடும்பத்தைப் பிரிந்து நாட்டைவிட்டே வெளியேறினார், 1838இல்தான் திரும்பினார்.

குறையில்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. இளைஞர் ஆபெலின் அரிய கட்டுரையைக் கிடப்பில் போட்டவரும் இவரே. ஆபெல் 26 வயதில் இறந்தார். ஆனால் ஏழைகளை இவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் மீண்டும் கிடைத்த பேராசிரியர் சம்பளத்தை, தாம் வாழ்ந்த சோ நகர ஏழைகளுக்கே கொடுத்துவந்தார். 1857 மே 23 அன்று அங்கேயே இறந்தார்.