கையேந்தி வந்த துறவி

இணுவில் என்றதும் சைவமும் தவிலும் நாதசுரமும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்தக் கிராமத்தில் 1898ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனார் பெண்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினர். மக்லியோட் மருத்துவமனை என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் சைவக் குடும்பங்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தனர். ஆயினும் பிற சமயத்தார் செய்யும் தொண்டின் பின்னால் மதமாற்ற நோக்கம் மறைந்திருக்கிறது என்ற ஐயம் ஆறுமுக நாவலர் காலந்தொட்டே யாழ்ப்பாணத்தில் நிலவி வந்துள்ளது. அந்த ஐயத்தில் நியாயமே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. அதை மனதில் இருத்திக்கொண்டே, இணுவில் அமைந்துள்ள அதே வலிகாமத்துக்கு அம்மருத்துவமனை தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வந்து சேர்ந்த ஒரு கத்தோலிக்கத் துறவியின் வாழ்வை நோக்குவோம்.

யோசப் வாஸ் அடிகளார் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாலிம் கிராமத்தில் பிறந்தார். கொங்கணி பேசும் குடும்பம். பிராமண வழிவந்த கிறிஸ்தவர்கள். 1676இல் குருவானார். கன்னடக் கரையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், கோவாவில் இந்தியக் குருக்கள் சிலர் கூடி நடத்திய துறவற சபையில் 1685இல் இணைந்து அதனை முறைப்படி உருவாக்கினார். இலங்கையில் கத்தோலிக்கர் குருக்கள் இன்றித் தவிக்கின்றனர் என்ற செய்தி அவர் மனதை நெடுங்காலமாக அரித்துக்கொண்டிருந்தது.

அன்றைய நிலையைச் சற்று விளக்குவது அவசியம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. புரொட்டஸ்தாந்து நெறியினரான ஒல்லாந்தர் அதே ஆண்டில் கடுமையான கட்டளை ஒன்றைப் பிறப்பித்தனர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடமளிப்பவருக்கு மரண தண்டனை என்பதே அது. விருந்தோம்பலையே குற்றமாக்கிய சட்டம் என்று அதைச் சொல்லலாம். முஸ்லிம் வணிகரையும் அவர்கள் நிம்மதியாக விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒன்றையும் மறத்தல் ஆகாது. இன்று வதைபட்ட கத்தோலிக்கரின் அரசாகிய போர்த்துக்கேயம் நேற்று முஸ்லிம்களைக் கரையோரங்களிலிருந்து விரட்டியிருந்தது. அப்போது 1626 அளவில் கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ நாலாயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான்.

1687இல் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாளின் கோலத்தில் படகேறினார். யோவான் என்ற ஊழியன் உடன் வந்தான். கடலில் அலைக்கழிந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் வயிற்றுளைச்சல் அவரைத் தாக்கியது. நோயாளியை வைத்திருக்க எவரும் விரும்பவில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கிடந்தார். அந்த நாட்களில் ஒரு பெண் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தாள் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவளது பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அவள் கொடுத்தது ஒரு குருவுக்கு அன்று. யாரென்று அறியாத ஒரு பரதேசிக்கு. பின்னாளில் வத்திக்கானும் அரசுகளும் கொண்டாடிய ஒரு வாழ்வு இலங்கை மண்ணில் தரித்து நின்றது அந்தக் கஞ்சியினால்தான் என்பதை, அவரைப் பற்றிய பெரிய நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து போய்விடுகின்றன.

தேறி எழுந்தவர் பிச்சைக்காரனாகவே வீதிகளில் நடந்தார். கழுத்தில் செபமாலை கிடந்தது. அதைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறதோ அவ்வீட்டார் கத்தோலிக்கர் என்று ஊகித்துக்கொண்டார். இப்படித்தான் அடையாளம் காணப்பட்டுப் பண்டத்தரிப்புக்கு அருகிலுள்ள சில்லாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அக்கிராமம் அவரை மறைத்து வைத்திருந்தது. இரவில் பூசை, பகலில் மறைவு. தமிழைக் கற்றுக்கொண்டதும் இக்காலத்திலேதான். பிடிபட்டால் தண்டனை அவருக்கு மட்டும் அன்று. சோறிட்ட வீட்டுக்கும் சேர்த்தே என்பதை அறிந்தே சில்லாலையார் சோறிட்டனர். ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தரின் படையினர் வந்து கூடியிருந்தோரைப் பிடித்துச் சென்றனர். அடிகளார் தப்பினார். தப்பாதவர்களோ சிறையும் வதையும் பட்டனர்.

1690 அளவில் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய அவர் கண்டி அரசின் ஆட்சியிலிருந்த புத்தளத்துக்குச் சென்றார். சரியாக முந்நூறு ஆண்டுகளின் பின்னர், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் சென்று ஒதுங்கியதும் அதே புத்தளத்திலேதான். அங்கு அவர்களுக்குப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்து விடப்பட்டன. வரலாறு இப்படியான பொருத்தங்களை ஏற்படுத்துவதில் ஒரு கொடூரமான ஒழுங்கு இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

1692இல் அடிகளார் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் பௌத்தன். நாளடைவில் இந்த மனிதரிடம் சூது இல்லை எனக் கண்டு கட்டுகளைத் தளர்த்தினான். வறட்சிக் காலத்தில் இவர் செபித்ததும் மழை பெய்தது என்று பக்தர்கள் போற்றுவர். அது அவர்களின் நம்பிக்கை. நமக்கு அதனினும் பெரிதாகப் படுவது 1697இல் நடந்ததுதான்.

அவ்வாண்டில் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் வசதியுடையோரும் நகரை விட்டு அகன்றனர். நோய் கண்டவரை உறவினரே காட்டோரங்களில் விட்டுச் சென்றனர். நோயுற்றவரின் அருகில் போகாதிருப்பதுதான் அன்று அறிந்த ஒரே தற்காப்பு என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அடிகளாரும் அவரது மருமகனான யோசப் கார்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோருக்குக் குடிசைகள் அமைத்தனர். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை நோயாளர் விடுதிகளாக மாற்றினர். உணவூட்டினர்; புண்களைக் கழுவினர்; இறந்தவருக்குக் குழி தோண்டினர். அங்கே கிடந்தோரில் பெரும்பாலோர் பௌத்தர்கள். கத்தோலிக்கருக்கு முதற்பந்தி என்ற ஏற்பாடு ஏதும் இருக்கவில்லை. தான் கைவிட்டுப் போன குடிகளைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதைத் திரும்பி வந்த மன்னன் அறிந்தான். அதன் பிறகே நாட்டில் எங்கும் சென்று பணியாற்றும் சுதந்திரம் அவருக்குத் தடையின்றிக் கிட்டியது. மதம் பரப்பும் உரிமை தொண்டின் விளைவாக வந்தது என்பது உண்மையே. எனினும் அதைப் பெறுவதற்காக அம்மைக் குடிசைக்குள் நுழைந்தவர் என்று அவரைச் சொல்வது பொருந்தாது. அந்தக் குடிசையிலிருந்து உயிரோடு மீளலாம் என்ற உறுதி எவருக்கும் இருக்கவில்லை.

அவர் விட்டுச் சென்ற இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. குரு ஒருவர் ஓர் ஊருக்கு வருடத்தில் ஒருமுறை வருவதே அரிதாயிருந்த காலம் அது. ஆகவே ஊருக்கு ஊர் இல்லறத்தாரையே பொறுப்பில் அமர்த்தினார். மூப்பர் கோயிற் காரியங்களைக் கவனிப்பார். அண்ணாவியார் செபம் சொல்லிக்கொடுப்பார், பிள்ளைகளுக்குப் போதிப்பார். சாவு வீட்டிலும் அவரே நிற்பார். இவர்களில் எவருக்கும் ஒல்லாந்தரிடமிருந்து கிடைக்கக்கூடியது தண்டனை மட்டுமே. இன்று நம் பங்குகளில் வீடு வீடாகச் சென்று ஏழைகளைக் காணும் வின்சன்ட் டி போல் சபையார் தமது தொடக்கத்தை 1833ஆம் ஆண்டுப் பாரிஸ் நகரில் காண்பர். அது சரியே. ஆனால் சம்பளமின்றிப் பங்கைத் தாங்கும் பழக்கம் இந்த மண்ணில் அதற்கு நூற்றைம்பது ஆண்டு மூத்தது.

ஆயர் பதவி தேடி வந்தபோது மறுத்துவிட்டார். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து, சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதும் பணியை ஏற்றுக்கொண்டார். உடல் தளர்ந்த நிலையிலும் வாஸ் அடிகளார் கோவாவுக்குத் திரும்பவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும், 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸும் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் பீடத்துக்கு உயர்த்தினர். கண்டியில் அவரை அடக்கம் செய்த இடம் எதுவென்று இன்று உறுதியாகக் காட்டுவார் இல்லை.