தோர்ணக்கல் கண்ட தமிழர்

நம்மில் பெரும்பாலோர் இந்நகருக்கு ஏதேனும் ஒன்றைப் பெறுவதற்கென்றே வந்தவர்கள். பட்டம் பெற வந்தோர் சிலர். வேலை பெற வந்தோர் பலர். நான் குடியிருக்கும் குஷாய்குடா, தொழிற்கூடங்களை நாடிப் பல மொழியினரும் வந்து குடியேறிய இடம். அதற்கு அண்மையிலுள்ள செர்லபள்ளி நிலையத்தின் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை, காசிப்பேட்டையையும் வாரங்கலையும் கடந்து தோர்ணக்கல் என்னும் சிற்றூரை அடைகிறது. குஷாய்குடாவும் தோர்ணக்கல்லும் அந்நாளில் நிஜாமின் ஒரே அரசுக்கு உட்பட்டிருந்தவை. இந்தத் தெலுங்கு மண்ணுக்குக் கொடுப்பதற்கென்றே வந்த தமிழர் ஒருவர் உண்டு. வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். அவர் பெயரைக் கேட்டிராத தமிழ் மாணவர் நம் பல்கலைக்கழகத்தில் பலர் இருப்பதாலேயே நம் மலரில் அவரைப் பற்றி எழுத விரும்பினேன்.

இம்மலரைப் படிக்கும் நண்பர்கள் பல சமயத்தினர் என்பதை நான் மறக்கவில்லை. ஒரு மதத்தின் பெருமையைப் பாடுவது என் நோக்கமன்று. ஒருவன் தான் நம்புவதாகச் சொல்வதை மெய்யாகவே நம்பினால் அவன் வாழ்வில் என்ன விளையும் என்பதே என் கேள்வி. பவுல் அடியார் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனி இன்னதென்று விளக்குகிறார். அதில் முதலாவதாக நிற்பது அன்பு. ஆலயத்துக்குச் செல்வதும் வேதத்தைப் படிப்பதும் அப்பட்டியலில் இல்லை! கனி என்பது மரம் தனக்கென்று காய்ப்பதன்று. அசரியாவின் வாழ்வை அந்த நோக்கிலேயே பார்க்கிறேன்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணல் தேரியும் பனையும் சூழ்ந்த பகுதியில் உள்ளது வெள்ளாளன்விளை. 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் அவர் அங்கே பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். நாடார் குலத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். தாய் எலன் அம்மையார் நெடுநாள் மகப்பேறு வேண்டி நின்று பெற்ற ஆண்மகவுக்கு, வேதத்தில் அன்னாள் தன் மகனுக்கு இட்ட பெயரையே இட்டார். மெஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியிலும், பின்னர்த் திருநெல்வேலியிலும், இறுதியாகச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அவர் படித்தார். கணிதம் அவர் எடுத்துக்கொண்ட பாடம். தேர்வுக் காலத்தில் நோயுற்றார். பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டார். தேர்வைக் கண்டு நடுங்கும் நண்பர்களுக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன்: அதே மனிதருக்கு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது.

1895-இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யின் செயலாளரானார். ஊர் ஊராகச் சென்று இளைஞரைச் சந்திப்பதே அவ்வேலை. ஷெர்வுட் எடி என்னும் அமெரிக்க இளைஞரோடு அப்பணியில் ஏற்பட்ட நட்பு கடைசிவரை நீடித்தது. 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிப் படிப்பில் அடியெடுத்து வைத்த முதல் சிலருள் ஒருவர் அவர். பிற்காலத்தில் தோர்ணக்கல் பகுதிப் பெண்களிடையே நடந்த பணியெல்லாம் பெரும்பாலும் இவ்வம்மையாரின் தோளில்தான் இருந்தது. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் மனைவியரை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நானும் அதையே செய்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. இடமில்லை.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் ஊழியரைத் திரட்டிக் கடல் கடந்து தமிழகக் கரைக்கு அனுப்பி வந்ததைக் கண்டார். அது அவரைச் சுட்டது. திருநெல்வேலிச் சபைகளோ எண்ணிக்கையில் பெரியவை, வயதிலும் மூத்தவை. நூறாண்டுக்கு மேலாக வெள்ளையர் கொடுக்க இவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாங்கிய கை என்றைக்குக் கொடுக்கும்? இக்கேள்வியின் விளைவாக 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஆளும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நடத்துவோரும் இந்தியர் என்பது அதன் கொள்கை. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் உழைத்துச் சேர்த்த காசு அது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுவைத்த தாய்மாரின் பங்கும் அதில் உண்டு. அந்தப் பணத்தில் தமிழ் ஊழியர்கள் அனுப்பப்பட்ட இடம்தான் தோர்ணக்கல். இரண்டு ஆண்டு கழித்து, 1905 கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்துச் செராம்பூரில் இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. அதன் பொதுச் செயலாளரும் அசரியாவே.

பிறரைப் போகச் சொல்லிக்கொண்டே ஒருவர் காலத்தைக் கழித்துவிடலாம். மேடையும் மாலையும் கிடைக்கும். அசரியாவுக்கு அது பொறுக்கவில்லை. 1909-இல், முப்பத்தைந்து வயதை எட்டும் நேரத்தில், பதவியைத் துறந்து குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்கே குடிவந்தார். சிங்கரேணி நிலக்கரிக்குக் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு என்பதைத் தவிர அவ்வூருக்கு அன்று பெருமை ஏதுமில்லை. சுற்றிலும் காடு, புலி நடமாடிய காடு. மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் அவர் கிராமங்களுக்குச் சென்றார். நடுவயதில் தெலுங்கு கற்றார்; அம்மொழியிலேயே போதித்தார். ஆண்டுக்கணக்கில் இந்நகரில் வாழ்ந்தும், ஆட்டோக்காரரிடம் விலை கேட்க எந்த என்ற ஒரு சொல்லுக்கு மேல் தெலுங்கு அறியாத நம்மவரை நினைத்துப் பாருங்கள்!

அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆசியர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். இந்தியாவில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச அசரியாவுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. அவர் முகமன் கூறவில்லை. ஒரே ஊழியத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்தும், இந்திய உடன் ஊழியரை ஒருநாளும் தம் வீட்டு மேசைக்கு அழைத்திராத மிஷனரிகள் இருப்பதை எடுத்துரைத்தார். அவர்கள் செய்த தியாகத்தையும் கொடுத்த பொருளையும் மறுக்கவில்லை, நன்றியோடு ஏற்றார். ஆனால் அவற்றோடு நட்பும் வேண்டும் என்று கேட்டு முடித்தார். அவையில் சிலர் முகம் சுளித்தனர், சிலர் வெட்கினர். அம்மாநாட்டில் நிகழ்ந்த மற்ற எந்தப் பேச்சையும்விட அந்தச் சிறு பேச்சே இன்றளவும் நினைக்கப்படுகிறது.

இதில் நான் வியப்பது அவருடைய துணிவை மட்டுமன்று. தருமம் செய்வது எளிது. சமமாக அமர்வது கடினம் என்பதை அவர் பிறருக்குச் சொன்ன பின், அதே அளவுகோலைத் தம்மிடமும் வைத்துப் பார்த்தார். தோர்ணக்கல் பகுதியில் கிறிஸ்தவரானோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் எனப்பட்ட தீண்டப்படாத மக்கள். நிலமில்லை, எழுத்தில்லை, ஊர்க் கிணற்றில் நீரில்லை. இவ்விரு சாதியாரும் தங்களுக்குள்ளேயும் ஒருவரை ஒருவர் ஒதுக்கி வைத்திருந்தனர். அந்நோய் சபைக்குள்ளும் புகுந்ததை எதிர்த்து அவர் வாழ்நாளெல்லாம் போராடினார். முழு வெற்றி கண்டார் என்று யாரும் கூறமுடியாது.

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. சென்னை அத்தியட்சர் வைட்ஹெட் இதற்காக முன்னின்றார். எதிர்ப்பும் சிறிதன்று. ஓர் இந்தியனின் கீழ் வெள்ளைக் குருமார் பணிபுரிவதா என்று சிலர் கேட்டனர். அவர் பிறந்த திருநெல்வேலியிலேயே புழுங்கியோரும் இருந்தனர். நம்மவரின் பொறாமை அந்நியரின் செருக்குக்குச் சற்றும் இளைத்ததன்று போலும்.

பதவி வந்தபின் ஒருவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதே சோதனை. தோர்ணக்கல் திருமண்டலம் முதலில் சிறியது. பிறகு கிருஷ்ணா நதிப் பகுதிகளும் சேர்ந்து பரந்தது. அவர் ஊர் ஊராகச் செல்வதை நிறுத்தவில்லை. அசுத்தம், நோய், கடன், கள் ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று மக்களுக்குச் சொல்லி விரட்டச் சொன்னார். வானத்தைக் காட்டும் போதகர் பலர் கள்ளுக்கடையையும் வட்டிக்காரரையும் பேச மறந்துவிடுவர், இவர் மறக்கவில்லை. ஊர்தோறும் பள்ளி, ஆசிரியர், ஆங்காங்கே மருத்துவ உதவி, கூட்டுறவுச் சங்கம் என்று பணி வளர்ந்தது. அறுவடைக் காலத்தில் விளைச்சலில் ஒரு பங்கைப் படைக்கும் பண்டிகையை ஊக்குவித்தார். நாட்டு மெட்டுப் பாடல்களையும் கூத்தையும் வழிபாட்டுக்குத் துணை கொண்டார்.

கூலிக்காரனிடம் காணிக்கை கேட்பது கொடுமையல்லவா என்று நான் முதலில் எண்ணியதுண்டு. ஆழ்ந்து பார்த்தால் அதில் ஒரு பெரிய மரியாதை இருக்கிறது. பரம்பரை பரம்பரையாக எச்சிலுக்கும் கிழிசலுக்கும் கையேந்தப் பழக்கப்பட்டவனைப் பார்த்து, நீயும் கொடுக்க வல்லவன் என்று அதற்குமுன் சொன்னவர் எவர்? ஞானஸ்நானம் பெற்றோரையும் அவர் அவ்வாறே நடத்தினார். ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், தாம் அறிந்த நற்செய்தியைப் பிறர்க்கு அறிவிக்காவிடில் தமக்கு ஐயோ என்றும் சொல்லச் செய்வது அவர் வழக்கம். எழுத்தறியாத உழவனும் இவ்வாறு ஓர் ஊழியனானான்.

இதன் பலன் எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. 1930-களில் அப்பகுதியின் மேல்சாதி உழவர்களுள் பலர் தாமாகவே வந்து ஞானஸ்நானம் கேட்டனர். காரணம் கேட்டபோது, எந்தப் போதகரையும் அவர்கள் குறிப்பிடவில்லை. தம் ஊர் மாலரும் மாதிகரும் மாறியதைக் கண்டோம் என்றனர். குடித்தவன் குடியை விட்டான். செத்த மாட்டை உண்டவன் விட்டான். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றனர். யாரைத் தீட்டு என்று ஒதுக்கினார்களோ அவர்களே இவர்களுக்கு வழிகாட்டிகள் ஆனார்கள்.

இக்காலத்தில்தான் காந்தியடிகளோடு கருத்து வேற்றுமை முற்றியது. தீண்டாமை, மது, கிராமத் தூய்மை ஆகியவற்றில் இருவரும் ஏறத்தாழ ஒரே நெஞ்சினர். மதமாற்றத்தில் பிரிந்தனர். வறுமையிலும் அறியாமையிலும் கிடக்கும் அரிஜனங்கள் ஆராய்ந்து மதம் மாறுகிறார்கள் என்பதைக் காந்தியடிகளால் ஏற்க இயலவில்லை. ஏழைக்கும் ஆன்மாவும் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டென்பது அசரியாவின் பக்கம். பொருளுக்காக வந்தோரும் உண்டு என்பதை அவரே அறிவார். ஆகவே காந்தியடிகளின் ஐயம் ஆதாரமற்றதென்று நான் கூறமாட்டேன். ஆனால் அவ்வூர்களின் மாற்றத்தைக் கண்ணால் கண்டவர் அசரியா. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சட்டசபைகளில் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி தரும் திட்டம் வந்தபோது அதை எதிர்த்தார் அவர். சபை, தலையெண்ணிப் பங்கு கேட்கும் அரசியல் கூட்டமாகிவிடலாகாது என அஞ்சினார். தம் சமூகத்தாரின் ஆதாயத்துக்கு எதிராகப் பேசும் தலைவர் எந்தக் காலத்திலும் அரியவரே.

பிளவுபட்ட சபைகளை ஒன்றாக்குவது அவருடைய மற்றொரு கனவு. மேனாட்டார் தங்கள் பழைய சண்டைகளால் பிரிந்தார்கள். ஆந்திரத்து உழவன் அதற்காக ஏன் பிரிந்து வாழவேண்டும்? 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில் 1919 மே மாதம் 33 பேர் கூடி ஒற்றுமை அறிக்கை வெளியிட்டனர். பெரும்பாலோர் இந்தியர், முன்னின்றவர் அசரியா. பேச்சு நீண்டது, நீண்டுகொண்டே போயிற்று.

தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயத்தை நான் சென்று பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கட்டி 1939 ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது அது. கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்கள். மசூதியை நினைவூட்டும் குவிமாடங்களும் மினார்களும். உள்ளே கிறிஸ்தவ பீடம். நிஜாம் நாட்டில் ஒரு தமிழர் தெலுங்கருக்காகக் கட்டிய கோயில் வேறு எப்படி இருக்கும்?

1945 ஜனவரி முதல் நாள் அவர் தோர்ணக்கல்லில் காலமானார். அப்போது அத்திருமண்டலத்தில் கிறிஸ்தவர் இரண்டு இலட்சத்துக்கும் மேல்; குருமார் நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தெலுங்கர். அவர் காணத் துடித்த சபை ஒற்றுமையை அவர் காணவில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் அன்று ஒரே பந்தியில் அமர்ந்தார்கள்.