நாவால் நஞ்சைச் சோதித்த அறிஞர்

கோலார் தங்கவயலில் பிறந்தவன் நான். அங்கே அரைத்த பாறைப் பொடியிலிருந்து பொன்னைக் கரைத்தெடுத்தது சயனைடு. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் இன்றும் நிற்கின்றன. ஆலையில் உழைத்த என் தாத்தா கை கழுவாமல் சோற்றைத் தொட்டதில்லை என்பார் பாட்டி.

அந்த நஞ்சின் அமிலத்தை 1782இல் பிரித்தெடுத்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. 1742இல், அன்று சுவீடன் ஆட்சியிலிருந்த ஸ்டிரால்சுண்டில் பிறந்தார். பதினான்கு வயதில் மருந்துக்கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் பயிலாத அவர் 1774இல் குளோரினை உண்டாக்கினார்; அது நிறத்தை வெளுப்பதையும் கண்டார். ஆயினும் கண்ட பொருளையெல்லாம் முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பது அவர் வழக்கம். 1786இல், 43ஆம் வயதில் மறைந்தார். அவர் கையாண்ட நச்சுப்பொருள்களே ஆயுளைக் குறைத்தன என்று கருதுவோர் பலர்.

தோழர்களே! அதே குளோரின் நம் விடுதியின் பிளீச்சிங் பவுடரில் அடங்கிக் கிடக்கிறது. அதனோடு ஆசிட் சேர்ந்தால் நச்சுக்காற்றாய்ச் சீறி எழும். கழிவறை கழுவும் தொழிலாளிக்கு இதைச் சொன்னோமா? கையுறை கொடுக்கச் செய்தோமா? சன்னலையாவது திறந்து வைத்தோமா?

ஷீலேயை எச்சரிக்க அன்று எவருமில்லை. வேதியியல் கற்ற நாம் இன்று வாளாவிருந்தால், பழி நம்முடையதே!