பாபு ஜெகஜீவன்ராம்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை நன்கறிந்த நம் இளைஞர்களுள் பலர், அண்ணலின் மறைவுக்குப் பின்னும் முப்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த பாபு ஜெகஜீவன்ராம் அவர்களைப் பெயரளவிலேயே அறிவர். அன்னாரின் வாழ்வை இவ்வெள்ளி விழா மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

பீகாரில் ஆரா நகரை அடுத்த சந்த்வா என்னும் சிற்றூரில் 1908 ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் வாசந்தி தேவி, வறுமையிலும் மகனின் படிப்பைக் கைவிடவில்லை. ஆரா பள்ளியில் பொதுப்பானையில் அவர் நீர் அருந்தியதால் பிற மாணவர்கள் அந்நீரைத் தொட மறுத்தனர். தலைமையாசிரியர் தீண்டப்படாதோர்க்கெனத் தனிப்பானை வைத்தார். சிறுவர் அதை உடைத்தார். மீண்டும் வைத்தனர், மீண்டும் உடைத்தார். அதன்பின் தனிப்பானை வைக்கப்படவில்லை. தலைமையாசிரியர் பொறுப்பிலிருக்கும் நாம் இதனை எண்ணுந்தோறும் ஓர் உண்மை உறுத்துகிறது: பானையை வைத்தவர் ஆசிரியர், பாடம் கற்பித்தவர் மாணவர்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அங்கும் விடுதியில் உணவு பரிமாறவும், முடி திருத்தவும் மறுத்தனர். எனினும் படிப்பை விட்டாரல்லர். 1931-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றார். 1936-இல் பீகார் சட்ட மேலவை உறுப்பினரானார். விடுதலைப் போரில் இருமுறை சிறை சென்றார். 1946-இல் அமைந்த இடைக்கால அரசில் மிக இளைய அமைச்சராகத் தொழிலாளர் துறையை ஏற்றபோது அவருக்கு வயது 38.

அண்ணல் காங்கிரசை எதிர்த்து நின்று உரிமை கேட்டார். ஜெகஜீவன்ராம் அதன் உள்ளிருந்து கேட்டார். எது சிறந்த வழி என்னும் வாதம் நம்மிடையே இன்றும் உண்டு. ஆயினும் அவர் துறையில் நிறைவேறிய சட்டங்களை நோக்குக. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆலைத் தொழிலாளரோடு நில்லாது, வயலில் உழைக்கும் நம் மக்களையும் தன் அட்டவணையில் சேர்த்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது.

அவர் ரயில்வே அமைச்சராயிருந்த 1959-இல், பதவி உயர்விலும் தாழ்த்தப்பட்டோர்க்கு இட ஒதுக்கீடு வழங்க ரயில்வே வாரியம் ஆணையிட்டது. தென்னக ரயில்வேயில் எழுந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1961-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவருள் மூவர் அவ்வாணை செல்லும் என்றனர். 1992-இல் உச்சநீதிமன்றமே அக்கருத்தை மாற்றிற்று. 1995-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியே அவ்வுரிமை மீட்கப்பட்டது. பெற்ற உரிமையைக் காவாவிடில் இழப்போம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உணவுத் துறையில் பசுமைப் புரட்சிக் காலத்தில் பொறுப்பு வகித்தார். 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சராயிருந்தார். அவர் வாழ்வில் குறையும் உண்டு. 1975-இல் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவர் அவரே. 1977 பிப்ரவரியில் பதவி துறந்து புதுக்கட்சி கண்டார். அடுத்த மாதத் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. பிரதமர் பதவி மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. 1979-இல் துணைப் பிரதமரானார்.

1978-இல், நாட்டின் முப்படைகளுக்கும் பொறுப்பான அமைச்சராக, காசியில் ஒரு தலைவரின் சிலையைத் திறந்து வைத்தார். அவர் சென்றபின் சாதி வெறியர் சிலர் அச்சிலையைக் கங்கை நீரால் கழுவினர். பள்ளிப் பானையைத் தொட்ட சிறுவருக்கு நேர்ந்ததே எழுபது வயதை நெருங்கிய அமைச்சருக்கும் நேர்ந்தது.

1952 முதல் எட்டுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்று, உறுப்பினராகவே 1986 ஜூலை 6-ஆம் நாள் மறைந்தார். அவர்தம் மகள் மீரா குமார் 2009-இல் மக்களவையின் முதல் பெண் தலைவரானார்.

இளைஞர்களே! பதவியொன்றே தீண்டாமையை ஒழித்துவிடாது என்பதைக் காசி காட்டிற்று. ஆயின் பதவியிலிருந்தோர் பிறப்பித்த ஆணையால், கடைநிலையில் நின்ற எத்தனையோ ஊழியர் மேல்நிலை எய்தினர். ஆதலின் படியுங்கள், தேர்வுகளை எழுதுங்கள், உங்களுக்கென உள்ள ஆணைகளைத் தேடிப் படித்துக் கேட்டுப் பெறுங்கள். நம் சங்கம் நடத்தும் கல்விப்பணியின் நோக்கமும் இதுவே.