கட்டிலில் கிடந்தவருக்கு மலை தந்த ஆறுதல்

சங்கரன்கோவிலில் இருந்து மேற்கே பார்த்தால், அடிவானத்தில் நீல நிறமாக ஒரு மலை தெரியும். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. அது தெற்கே நீண்டு, களக்காடு, திருக்குறுங்குடி ஆகிய ஊர்களுக்கு அரணாக நிற்கிறது. அந்த மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர், டோனாவூர்.

அந்த ஊரில் ஏறக்குறைய 50 ஆண்டு காலம் வாழ்ந்தவர், ஏமி கார்மைக்கேல் அம்மையார். கடைசி 20 ஆண்டுகளில் பெரும் பகுதியை அவர் கட்டிலில்தான் கழித்தார். ஆனாலும் அவர் மனம் உடைந்து போகவில்லை.

நீலக் கண் கேட்ட குழந்தை

அயர்லாந்து நாட்டின் வட பகுதியில், மில்லைல் என்ற கடற்கரை ஊரில், 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அவர் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே மூத்தவர்.

அவருடைய தாயாருக்கு நீலக் கண்கள். ஏமிக்கோ பழுப்புக் கண்கள். தனக்கும் நீலக் கண் வேண்டும் என்று ஓர் இரவு குழந்தை கடவுளை வேண்டிக்கொண்டது. காலையில் ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தது. கண்கள் மாறவில்லை! குழந்தை ஏமாந்து போனது.

பிற்காலத்தில் அவர் தமிழ்நாட்டுக்கு வந்து, சேலை உடுத்தி, ஊர்ப் பெண்களோடு பெண்ணாகப் பழகினார். அப்போது அந்தப் பழுப்புக் கண்கள்தான் கைகொடுத்தன. நீலக் கண்கள் என்றால், அயல்நாட்டார் என்று எவரும் உடனே கண்டுகொள்வார்கள் அல்லவா? கடவுள் எதையும் காரணத்தோடுதான் படைக்கிறார் என்று அவர் நம்பினார்.

குழந்தைகளின் அம்மா

1895-ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்தார். முதலில் பெங்களூர், பிறகு திருநெல்வேலிச் சீமை. வாக்கர் என்ற பாதிரியாரின் துணையோடு தமிழ் கற்றார்.

1901-ஆம் ஆண்டு, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் தேடி ஓடி வந்தாள். பெண் குழந்தைகளைக் கோவில்களுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அப்போது இருந்தது. அதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. சிறுமியை அம்மையார் தம் மகளாக ஏற்றார். அடுத்தடுத்துக் குழந்தைகள் வந்தார்கள். 1913-இல் டோனாவூரில் 130 பெண் குழந்தைகள் இருந்தார்கள். எல்லாரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

துயரமும் தொடர்ந்து வந்தது. 1912-இல் வாக்கர் பாதிரியார் இறந்தார். 1915-இல், அம்மையாருக்கு வலக்கையாக இருந்த பொன்னம்மாள் இறந்தார்.

நரைக்காடு

1917-ஆம் ஆண்டு வாக்கில், திருக்குறுங்குடிக்கு மேலே மலையில் உள்ள நரைக்காட்டில் அம்மையார் ஓர் இடம் வாங்கினார். கோடை வெயிலில் வாடும் குழந்தைகளை அங்கே அனுப்பினார்கள். ஓடையும், பூவும், பறவையும் அவர்களுக்குப் பாடம் ஆயின. அவற்றைப் பற்றிக் குழந்தைகளுக்காக அம்மையார் பாட்டுகளும் எழுதினார்.

அந்த மலைக்காடு ஒரு பெரிய குடும்பம் போன்றது. அங்கே வெடிப்பலா என்று ஒரு மரம் உண்டு. அதன் பூவில் தேன் குடிக்க இரவில் வௌவால் வரும். வௌவாலின் உடம்பில் ஒட்டிய மகரந்தம் அடுத்த மரத்துக்குப் போகும். அதனால் காய் காய்க்கும். அந்தப் பூவும் காயும் சிங்கவால் குரங்குக்கு உணவு. உதிர்ந்த இலை மண்ணில் மக்கி உரம் ஆகும். அந்த மண், மழை நீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்ல ஓடையில் விடும். ஒன்று அறுந்தால் மற்றதும் தளரும். இந்த விவரங்களில் பலவற்றை அறிஞர்கள் பின்னாளில்தான் ஆராய்ந்து கண்டார்கள்.

ஆகாயத்துப் பறவையையும் காட்டுப் பூவையும் காட்டி, கவலையை விடச் சொன்னவர் இயேசு. அந்த வேத வசனம் அம்மையாருக்குக் கண் முன்னே மலையாக நின்றது.

வந்தது சோதனை

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி. களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன அம்மையார், அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63.

சில வாரங்களில் எழுந்து விடலாம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் வலி விடவில்லை. ஓடி ஓடிக் குழந்தைகளைக் காத்தவர், ஓர் அறைக்குள் முடங்கினார். நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா?

அவர் பேனாவை எடுத்தார். நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதும் கடிதங்களாக 1933-இல் ஒரு புத்தகம் வந்தது. முள்ளில் இருந்தும் ரோஜா மலரும் என்பது அதன் பெயரிலேயே அடங்கிய கருத்து. 1938-இல் இன்னொரு புத்தகம் வந்தது. அதில் இயற்கைக் காட்சிகளின் படங்கள். ஒவ்வொரு படத்தோடும், துன்பப்படுகிறவர்களுக்கு ஆறுதல் மொழிகள். மலையும் மரமும் அவர் வலியைப் போக்கவில்லை. அந்த வலியோடு வாழும் தெம்பைத் தந்தன.

1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி அம்மையார் காலமானார். தம் சமாதியில் கல் வைக்க வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அதற்குப் பதிலாக, பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டியை வைத்தார்கள். அதில் பொறித்தது, தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்.